துக்க வீட்டுக்கு மட்டும்தானா பயணம்?



பள்ளி விடுமுறை நெருங்கினால் ஆசிரியர் அறையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "இந்த முறை எங்கே?" என்பதுதான். கேமரன் மலை, லங்காவி, தமிழ்நாட்டுக் கோயில் சுற்றுலா என விடைகள் வரும். என் விடை சற்று வேறானது. ஆயர் குரோவிலிருந்து தனியாக மகிழுந்தை ஓட்டிக்கொண்டு புறப்படுவேன். பின்னிருக்கையில் ஒரு கூடாரமும் ஒரு சோற்றுப் பானையும் இருக்கும். வழியில் பழைய தோழியர் வீடுகளுக்குப் போவேன். ஓரிரு இரவுகள் கூடாரத்தில் தங்குவேன். முடிந்தால் ஒரு மலை ஏறுவேன். இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "தனியாகவா?"

அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும், கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று என்பது என் கருத்து. சாவும் இல்லாமல், திருமணமும் இல்லாமல், ஒரு நண்பரின் வீட்டுக்கு நாம் கடைசியாக எப்போது போனோம்? இதையல்லவா நாம் ஒருவரையொருவர் கேட்க வேண்டும்!

சுவருக்கு அப்பால் இருந்தவர்கள்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நண்பர் வீட்டுக்குப் போவது என்பது ஒரு பயணமே அன்று. லயத்து வீடுகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருந்தன. அடுத்த வீட்டில் இருமினால் இந்த வீட்டில் கேட்கும். குழம்பு தாளிக்கும் மணத்தை வைத்தே அங்கே இன்று என்ன சமையல் என்று சொல்லிவிடலாம். ஆயக்கொட்டகையில் ஒன்றாகத் தூங்கிய குழந்தைகளே பிறகு ஒன்றாகத் தோட்டப் பள்ளிக்குப் போனார்கள். நட்பைத் தேடிப் போக வேண்டிய தேவையே அன்று இருந்ததில்லை.

அந்த வாழ்க்கை ஒரே நாளில் கலைந்துவிடவில்லை. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் வேதனையோடு சொல்வது இதைத்தான். அந்த நேரத்தில் துன் வீ.தி.சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பங்குப் பணம் திரட்டி, 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்களே தோட்டங்களுக்கு உரிமையாளர்கள் ஆனார்கள். ஆனாலும் காலத்தின் போக்கு நிற்கவில்லை. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனைக்குப் பின் பல இடங்களில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன.

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் பெயர்ப்பலகையில் 'லாடாங்', அதாவது தோட்டம் என்னும் சொல் இன்னமும் இருக்கிறது. புக்கிட் அசஹான், டைமண்ட் ஜூபிலி, புக்கிட் காஜாங், ஜாசின் லாலாங் என்னும் பெயர்களைக் கேட்டாலே அங்கு வாழ்ந்தவர்களுக்கு ஒரு லயமும் ஒரு மாரியம்மன் கோயிலும் கண்முன் வந்து நிற்கும். பெயர் பலகையில் இருக்கிறது. அந்த லயங்களில் அருகருகே வாழ்ந்த மக்களோ ஜாசின், தங்காக், சிகாமட், தம்பின், ஜொகூர் பாரு எனச் சிதறிவிட்டார்கள். ஒரு சுவர் இடைவெளியில் இருந்தவர்கள் இன்று நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கிறார்கள். அந்த நாற்பது கிலோமீட்டரைக் கடக்க நமக்குப் பத்து ஆண்டுகள் ஆகின்றன!

யாராவது இறந்துவிட்டால் மட்டும் உடனே புறப்படுகிறோம். அங்கே எல்லாரையும் ஒருசேரப் பார்க்கிறோம். "அடிக்கடி சந்திக்க வேண்டும்" என்று பேசிக்கொள்கிறோம். பிறகு, அடுத்த துக்க வீட்டில்தான் மறுபடியும் சந்திக்கிறோம். யாரைக் காண வேண்டும் என்று அத்தனை தொலைவு போகிறோமோ, அந்த ஒருவரிடம் மட்டும் பேச முடிவதில்லை.

தூது போதுமா?

"புலனத்தில்தான் தினமும் பேசிக்கொள்கிறோமே!" என்று சிலர் கூறலாம். பேசிக்கொள்கிறோமா, அல்லது படம் அனுப்பிக்கொள்கிறோமா?

ஜொகூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என் பள்ளித் தோழி வசிக்கிறாள். எங்கள் புலனக் குழுவில் நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு அவளிடமிருந்து பூப்படத்துடன் 'காலை வணக்கம்' வந்துவிடும். அவள் நலமாக இருக்கிறாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். ஒரு விடுமுறையில் நேரில் போன பிறகே உண்மை தெரிந்தது. நீரிழிவு நோய் முற்றிச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்புக்காகப் படுத்திருக்கிறாள். பார்வையும் மங்கிவிட்டது. காலை வணக்கத்தை அனுப்பிக்கொண்டிருந்தது அவளுடைய பேத்தி! "பாட்டி அனுப்பாவிட்டால் எல்லாரும் பயந்துவிடுவார்கள்" என்று அந்தச் சிறுமி சொன்னாள். நாங்கள் பயப்படக் கூடாது என்று ஒரு குழந்தை விடியற்காலையில் எழுந்து எங்களுக்குப் பூ அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

லேடாங் மலை இளவரசியின் கதையை நாம் அறிவோம். 2004ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது. மலாக்கா சுல்தான் மாமூட் ஷா அவளை மணக்க விரும்பினார். அவள் தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், கொசுக்களின் இதயங்கள், கண்ணீர், இளவரசனின் குருதி என அடுக்கடுக்காகக் கேட்டாள். வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் மாணவர்கள் கொசுவின் இதயத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. செஜாரா மெலாயு கூறும் கதையில் மலையேறியவர் சுல்தான் அல்லர். அவர் அனுப்பிய தூதர்கள். தங்கத்தால் பாலம் அமைக்கவும் அணியமாக இருந்தவர், தாமே ஒருமுறை நடந்து போய்ப் பார்க்கவில்லை. நம் கைப்பேசியும் ஒரு தூதன்தான். செய்தியைக் கொண்டு சேர்க்கும், முகத்தைக் காட்டாது.

தனியே ஏன் போக வேண்டும்?

குடும்பத்தோடு போகக் கூடாதா எனக் கேட்கலாம். தாராளமாகப் போகலாம், நானும் போவதுண்டு. ஆனால் அது வேறு வகைச் சந்திப்பு. நாலைந்து பேராகப் போய் இறங்கினால் வரவேற்பறையில் உட்கார வைப்பார்கள். தட்டில் இனிப்பு நீரும் ரொட்டியும் வரும். பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் அரசியல் பேசுவார்கள். அரைமணி நேரத்தில் "இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும்" என்று எழுந்துவிடுவோம்.

தனியாகப் போனால் நேரே அடுப்படிக்கு அழைத்துப் போய்விடுவார்கள். "வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே பேசு" என்று கத்தியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மகன் வேலையை விட்டது, மருமகளோடு மனத்தாங்கல், வீட்டுக் கடன், நெஞ்சுவலி எல்லாம் அங்கேதான் வெளியே வரும். வரவேற்பறையில் ஐந்து ஆண்டுகளில் சொல்லாததை அடுப்படியில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

திருக்குறளில் நட்புக்கு அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் உள்ளன. அவற்றுள் 81ஆம் அதிகாரத்தின் பெயர் 'பழைமை'. நெடுநாள் பழகியவர்களுக்குள் இயல்பாக வந்துவிடும் உரிமையைப் பற்றியது அது. கேட்காமலேயே கத்தியைக் கையில் கொடுக்கும் அந்த உரிமைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. நம் மாணவர்களுக்குக் குறளை மனப்பாடம் செய்விக்கிறோம், பழைமையைக் காட்டுகிறோமா?

கூடாரம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். தோழியர் பலர் இன்று இரண்டு அறை, மூன்று அறை கொண்ட மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். இரவு தங்குவதற்கு ஒருத்தி வருகிறாள் என்றால், யாரோ ஒரு பிள்ளை தன் கட்டிலை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தத் தயக்கத்தாலேயே "வாருங்கள்" என்று வாய்விட்டு அழைக்காதவர்கள் உண்டு. மகிழுந்தில் கூடாரம் இருப்பது தெரிந்தால் அந்தத் தயக்கம் நீங்கிவிடும். இரவுச் சாப்பாட்டை அவர்களோடு முடித்துக்கொண்டு என் முகாமுக்குப் போய்விடுவேன். கூடாரம் எனக்கு வீரச் செயலுக்கான கருவியன்று. பிறர்க்குச் சுமையாகாமல் விருந்தினராக இருப்பதற்கான வழி.

பாட்டியை யாரும் கேட்கவில்லை

"ஒரு பெண் தனியாகப் போவதா?" என்று தயங்குவோருக்கு என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாகத் தம் நிரைக்குப் போனவர் அவர். வெயில் ஏறுவதற்கு முன்னரே வெட்டினால்தான் பால் நன்றாகச் சுரக்கும். ஆகவே அந்த இருட்டில், நானூறு ஐந்நூறு மரங்களுக்கு நடுவே, ஒற்றை விளக்கோடு, ஒற்றை ஆளாக நின்று வெட்டினார். பாம்பு இருந்தது, காட்டுப்பன்றி இருந்தது, புலி வரும் என்ற அச்சமும் இருந்தது. "தனியாகவா போகிறாய்?" என்று கிராணியோ துரையோ அவரை ஒருநாளும் கேட்டதில்லை.

பிறருடைய இலாபத்துக்காகப் பெண்கள் இருட்டில் தனியே நடந்தபோது அது வேலை எனப்பட்டது. அவர்களுடைய பேத்தி தன் மகிழ்ச்சிக்காகப் பகலில் தனியே மகிழுந்து ஓட்டினால் மட்டும் அது துணிச்சல் என்றும் அடங்காமை என்றும் பெயர் பெறுவது ஏன்? இது நாம் நேர்மையாகச் சிந்திக்க வேண்டிய கேள்வி.

சாலையில் தனியே, மலையில் அன்று

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுக்குள் போகச் சொல்லவில்லை. சாலையில் தனியே போகலாம். மலையில் தனியே ஏறக் கூடாது. இதில் நான் மிகவும் கண்டிப்பானவள்.

லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். தங்காக் வட்டாரத்தில், ஜொகூர் எல்லைக்குள் இருந்தாலும், ஜாசின் பக்கத்துப் பிள்ளைகள் நாள்தோறும் பார்ப்பது இந்த மலையைத்தான். ஐரோப்பியர் இதை ஓஃபிர் மலை என்று அழைத்தார்கள். விவிலியத்தில் பொன்னுக்குப் பேர்பெற்ற நாட்டின் பெயர் அது. 1854ஆம் ஆண்டில் இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் மலாக்காவிலிருந்து ஆயர் பானாஸ் வழியாக இந்த மலைக்குப் போனார். வழியெல்லாம் சேறும் அட்டைகளும் அவரை வாட்டின. ஓர் அட்டை அவர் கழுத்திலேயே ஏறிக் குருதி குடித்தது. மேலே பாடாங் பத்து என்னும் பாறைவெளியில் அரிய பெரணிச் செடிகளைக் கண்டு வியந்தார். பின்னர் எட்டு ஆண்டுகள் இந்தத் தீவுக்கூட்டத்தைச் சுற்றியலைந்த அந்த மனிதரே, லேடாங் மலைக்குத் தனியே போகவில்லை. மலாய்க்காரர்கள் அறுவரைத் துணைக்கு அமர்த்திக்கொண்டார். இன்றும் தேசியப் பூங்கா அலுவலகத்தில் பதிந்து, வழிகாட்டியோடுதான் மலையேற வேண்டும். அந்த விதியைத் தொல்லையாக நினைப்பவர்கள் வாலஸை நினைத்துக்கொள்ளட்டும்.

கூடாரம் போடும் இடத்திலும் கவனம் வேண்டும். 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன், பத்தாங் காலியில் மலைச்சரிவு சரிந்து முகாமில் உறங்கிக்கொண்டிருந்த 31 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள்! அந்தச் செய்திக்குப் பின், உரிமம் பெற்ற இடம்தானா என்று கேட்காமல் நான் எங்கும் கூடாரம் விரிப்பதில்லை. செங்குத்துச் சரிவின் கீழும் விரிப்பதில்லை. நாள் முழுதும் மழை பெய்திருந்தால் தோழியின் வீட்டுக் கூடத்திலேயே பாய் விரித்துக்கொள்வேன்.

ஆற்றோரத்தில் தங்குவோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய பாடம் நம் ஊர்ப்பெயரிலேயே உள்ளது. "ஆயர்கள் வாழ்ந்த ஊரா, டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டதுண்டு. மலாய் மொழியில் 'ஆயர்' என்றால் நீர். 'குரோ' என்றால் கலங்கியது. கலங்கிய நீர்! மேலே மலையில் பெய்யும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதே திடீர் வெள்ளமாக இறங்கும். தெளிந்து ஓடும் நீர் சட்டெனக் கலங்கி, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால், ஒரு நொடியும் நிற்காமல் கரையேறிவிட வேண்டும். துணிமணி போனால் போகட்டும்.

ஒரு வழி சொல்கிறேன்

சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. போய் வந்தவர், இனிப் போகவேண்டியவருக்கு வழி சொல்வது அது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் நன்னனின் மலைநாட்டுக்குப் போகும் கூத்தர்களுக்கு வழியின் இடர்களையும், எங்கெங்கே என்ன உணவு கிடைக்கும் என்பதையும் விரிவாக எடுத்துரைக்கிறது. வெறுமனே "போங்கள்" என்று சொல்வது நம் மரபன்று. எப்படிப் போக வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். ஆகவே, எனக்குப் பழகிய நான்கு நாள் வழியைச் சொல்கிறேன்.

முதல் நாள் ஆயர் குரோவிலிருந்து விரைவுச்சாலையில் ஏறாமல், டுரியான் துங்கால், செலண்டார், நியாலாஸ் வழியாக அசஹான் செல்லலாம். செம்பனைக்கு நடுவே போகும் பழைய சாலை. ஒட்டுக்கடையில் நாசி லெமாக் கிடைக்கும். இரண்டாம் நாள் தங்காக், சாகில். மலையேறுவோர் முன்னரே பதிந்து வைத்து இங்கே ஏறலாம். மூன்றாம் நாள் ஜெமந்தா வழியாகச் சிகாமட். அங்கிருந்து இரண்டு இரயில் பாதைகள் சந்திக்கும் கிம்மாஸ் நகரைக் கடந்து தம்பின். நான்காம் நாள், கால்களில் வலுவிருந்தால் ரெம்பாவ் வட்டாரத்தில் 884 மீட்டர் உயரமுள்ள டத்தோ மலை. பிறகு அலோர் காஜா வழியாக வீடு. ஒவ்வோர் ஊரிலும் தோட்டத்தை விட்டுவந்த யாராவது ஒருவர் நமக்கு இருப்பார்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. கூடாரம், பாய், சிறிய எரிவாயு அடுப்பு, அரிசி, நெத்திலிக் கருவாடு, கைவிளக்கு, மழைச்சட்டை, அட்டைக்கு உப்பு. ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறோம் என்பதை வீட்டிலுள்ள ஒருவருக்கும் வழியிலுள்ள ஒரு நண்பருக்கும் சொல்லிவிட வேண்டும். தோழியர்க்கு நான் வாங்கிப் போவது பெரும்பாலும் பழங்கள்தாம். பரிசுப் பொருள் கொண்டுபோனால் அவர்களும் பதிலுக்கு ஏதேனும் தர வேண்டுமே என்று கவலைப்படுவார்கள்.

இப்படிப் போய்வருவதால் ஆசிரியருக்கும் ஆதாயம் உண்டு. அருவி, சுனை, பெரணி, அட்டை ஆகிய சொற்களைப் படத்தைக் காட்டிக் கற்பிப்பதற்கும், காலில் அட்டை கடித்த தழும்பைக் காட்டிக் கற்பிப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. அந்த வாரம் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் வழக்கமான 'மலர்கள் பூத்துக் குலுங்கின' குறைந்துவிடுகிறது!

ஆனால் அது துணைப் பயன்தான். முதன்மையானது வேறு. தோட்டத்தில் ஒன்றாகப் பால்வெட்டியவர்களின் பிள்ளைகளான நாங்கள் இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டோம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் எங்கள் வரிசையில் புகுந்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த துக்கச் செய்தி யாரைப் பற்றியது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே, அன்பர்களே, இன்றே ஒரு தாளை எடுத்து மூன்று பெயர்களை எழுதுங்கள். உங்களுடன் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள், ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வரும் விடுமுறையில் ஒரு நாளாவது ஒதுக்கித் தனியே புறப்படுங்கள். மலையேற முடியாவிட்டால் பாதகமில்லை, கூடாரமும் கட்டாயமில்லை. அவர்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.